சூடு போட்ட வயிறும் ஒரு மைல் ஓட்டமும்

இளம் டாக்டர்களே, நீங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய் விளையாட்டுப் பையன்களுக்கு உடல் தகுதி பார்க்கும் அழகை நானும் சில இடங்களில் நேரில் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஹெட்மாஸ்டர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உங்களுக்கு நாற்காலி. முன்னால் கலர் பாட்டில். பையன்கள் சட்டையோடு வரிசையாக வருகிறார்கள். நாக்கை நீட்டு, கண்ணைக் காட்டு, சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்த மாதிரி எடு, அடுத்தவன் வா. ஒரு பாட்டில் கலர் குடித்து முடிப்பதற்குள் ஒரு பள்ளிக்கூடமே தகுதி பெற்றுவிடுகிறது. மாட்டுத்தாவணியில் காளை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், வாலைத் தூக்கிப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், அதற்குப் பிறகுதான் துண்டுக்குள் கை கொடுத்து விலை பேசுகிறான். காளைக்குக் கிடைக்கிற மரியாதை ஒரு தாய் பெற்ற பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று பெருமையடிக்க வரவில்லை. அது இதைவிடக் கேவலம். வெள்ளைக்காரன் ஆண்ட முப்பதுகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர். எல்.எம்.பி. என்ற அந்தக் கால டாக்டர் படிப்புப் படித்தவன். சுற்று வட்டாரப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டப்பந்தயம் வைக்கும். ஓடுகிறவனை டாக்டர் பார்த்து ‘ஃபிட்’ என்று சொல்ல வேண்டும் என்று ஒரு விதி. அதை எப்படி நிறைவேற்றினார்கள் தெரியுமா? பந்தயத்தன்றைக்குக் காலையில் பந்தலில் டாக்டரை உட்கார வைத்து, மாலை போட்டு, பன்னீர் தெளித்து, சர்பத் கொடுப்பார்கள். பையன்கள் சலாம் வைத்தபடி முன்னால் நடந்து போவார்கள். டாக்டர் தலையை ஆட்டுவார். பரிசோதனை முடிந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித் தலையாட்டியே பென்ஷன் வாங்கிப் போனார். அவர்மேல் யாருக்கும் ஒரு குறை கிடையாது. குறை சொல்லும்படி எதையாவது செய்திருந்தால்தானே.

எனக்கு அந்தப் பாக்கியம் இல்லாமல் போனதற்குக் காரணம், படித்து முடித்ததும் நான் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா. நாக்கைச் சாணை பிடித்து வைத்திருந்தார். ஒருநாள் நான் ஒரு நோயாளியின் சட்டைக்கு மேலே குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வார்டு முழுக்கப் பார்க்க, குழாயை என் காதிலிருந்து பிடுங்கினார். “சட்டை மேல வச்சா சட்டைதான் பேசும். அவனக் கழட்டச் சொல்லும். சும்மா உக்காந்திருக்கவன் நெஞ்சு எதையும் மறைச்சிரும். படி ஏறி எறங்கச் சொல்லிட்டுப் பொறவு கேளும். இல்ல, காதுல நகை மாட்டிக் காட்டத்தான் வந்தீரா?” அன்றைக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் ஒருவனையும் சட்டையோடு பார்த்ததில்லை.

ஆகவே, பந்தலுக்கு வரமாட்டேன், ஒரு வாரம் முன்னதாகப் பள்ளிக்கூடத்துக்கே வந்து பையன்களைப் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். அந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடமாக இருந்தாலும் அதையேதான் செய்திருக்கும். ஹெட்மாஸ்டர் என்னை ஏதோ தீர்வை கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எதுக்கு சார் இம்புட்டுச் சிரமம்? நம்ம பையங்களுக்கு என்ன கேடு? மலைக்காத்து, கம்பங்கூழு. ஒருத்தனும் சோடை கிடையாது.”

“சோடை இல்லன்னா எனக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றேன்.

அந்தப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் முதல் உலக யுத்தத்துக்குப் போய் வந்தவர். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். முதல் பையனின் நெஞ்சில் குழாயை வைத்தேன். மூச்சுச் சத்தமே இல்லை. பையனின் முகம் கறுத்துச் சிவந்து, கண் பிதுங்கிக்கொண்டு வந்தது.

“ஏலே, மூச்சு விடுலே!”

“விடப்படாதுன்னு மாஸ்டர் சொன்னாக” என்றான், விட்ட மூச்சோடு.

அடுத்தவனும் அப்படியே. அதற்கு அடுத்தவனும். டாக்டர் குழாய் வைத்தால் மூச்சை அடக்க வேண்டும், எவன் அதிக நேரம் அடக்குகிறானோ அவனுக்கு மார்க்கு என்று ஒரு வாரமாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் நோயைத் தேடி வந்திருக்கிறேன். அவர்கள் பரீட்சைக்குத் தயாராகியிருக்கிறார்கள். பரீட்சை என்று வந்துவிட்டால் தேறித்தானே ஆக வேண்டும். தானாகத் தேற முடியாதவனுக்கு என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தார்கள்.

வரிசையில் முன்னாலேயே வேலு என்று ஒரு பையன் வந்து போயிருந்தான். உருண்டு திரண்ட உடம்பு. நெஞ்சு கோயில் மணி மாதிரி சுத்தமாக அடித்தது. தொப்புளைச் சுற்றி அடுத்தடுத்துச் சூடு போட்ட தழும்புகள். குழந்தையில் மாந்தம் என்ற வயிற்றுக் கோளாறு வந்தால் கம்பியைக் காய்ச்சி வயிற்றில் இழுத்துவிடுவது நம் பக்கத்தில் அன்றைக்கு வழக்கம். அந்தக் கொடுமையையும் தாண்டிப் பிழைத்த வயிறு. கோணல் மாணலாக இழுத்திருந்த கோடுகள் என் கண்ணில் நின்றுவிட்டன.

கடைசியில், “சங்கரபாண்டி, சேத்தூர்” என்று டிரில் மாஸ்டர் கூப்பிட்டார். ஒரு மைல் ஓட்டத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் நம்பிக்கையே இந்தப் பையன்தான் என்று ஹெட்மாஸ்டர் காதோடு சொன்னார். தலையில் தண்ணீர் தடவி, வகிடை மாற்றி எடுத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி ஒருவன் வந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை. பனியனைத் தூக்கினேன். அதே கோணல் கோடுகள்.

“உனக்கும் மாந்தமாலே?”

“ஆமாய்யா.”

“வேலுக்கும் மாந்தம். ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியரு?”

“ஆமாய்யா.”

“ஒரே கம்பியா?”

அவன் டிரில் மாஸ்டரைப் பார்த்தான். டிரில் மாஸ்டர் கூரையைப் பார்த்தார். ஹெட்மாஸ்டருக்கு வெளியே ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. பரீட்சையில் ஆள்மாறாட்டம் செய்தால் ஒருவன் தகுதியில்லாத மார்க்கு வாங்குவான், அவ்வளவுதான். இங்கே அடுத்தவன் நெஞ்சை வைத்துத் தேறியவன் தன் நெஞ்சோடுதானே ஓட வேண்டும்? தெரியாமல் செய்திருந்தால் முட்டாள்தனம் என்று விட்டிருப்பேன். இது தெரிந்து செய்தது. ஆள் மாற்ற வேண்டும் என்று தோன்றியிருக்கிறதென்றால், அந்தப் பையனிடம் கோளாறு இருப்பது அவர்களுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

“பெரிசா ஒண்ணுமில்ல சார்” என்றார் டிரில் மாஸ்டர். “ஓடி முடிச்சா செத்த நேரம் மூச்சு வாங்குவான். அம்புட்டுத்தான். தைலம் போட்டு நீவிவிட்டாச் சரியாப் போயிரும். மைல் ஓட நம்மகிட்ட வேற ஆளு கிடையாது.”

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த நிஜச் சங்கரபாண்டியைக் கூட்டி வரச் சொன்னேன். ஒல்லி. கால் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. தினமும் சேத்தூரிலிருந்து நடந்தே பள்ளிக்கூடம் வருகிறவன். மைதானத்தைச் சுற்றி ஓடிவரச் சொன்னேன். என்ன ஓட்டம் அது! தரையில் கால் பட்டதாகவே தெரியவில்லை. வந்ததும் பெஞ்சில் இடதுபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்துக் கேட்டேன். அடிப்புக்கு அடிப்பு நடுவே கனமான ஒரு உருட்டல். உள்ளங்கையை வைத்தால் தோலுக்கு அடியில் அதிர்வது கைக்கே தெரிந்தது.

“எப்பவாச்சும் முட்டி வீங்குச்சாலே?”

“முன்ன ஒருக்கா தொண்டை கட்டுச்சு. பொறவு காய்ச்ச. முட்டி ரெண்டும் மாத்தி மாத்தி வீங்குச்சு. ஆத்தா பத்துப் போட்டுச்சு, சரியாப் போச்சு.”

முட்டி சரியாகத்தான் போயிருந்தது. நெஞ்சுக்குள் இருக்கிற வால்வுக் கதவு சரியாகப் போகவில்லை. அந்தக் காய்ச்சலில் அது சுருங்கி விறைத்துவிட்டது. அன்றைக்கு அதற்கு மருந்தும் கிடையாது, கத்தி வைக்கிற துணிச்சலும் எவருக்கும் கிடையாது. மூச்சு முட்ட ஓடாமல், பாரம் தூக்காமல் இருப்பதுதான் வைத்தியம். ஓடக் கூடாது என்று சொன்னேன். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஐயா, இந்த ஒரு தடவை மட்டும் விடுங்கய்யா. ஜெயிச்சா மில்லு ஆபீசுல வேலை போட்டுத் தாரேன்னு மொதலாளி சொல்லியிருக்காக. இல்லன்னா எங்கய்யா படிப்ப நிப்பாட்டிட்டு வயலுக்கு வரச் சொல்லுதாரு.”

மொதலாளி என்றால், பள்ளிக்கூடத்தைப் பணம் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த பருத்தி ஜின்னிங் மில்காரர். பையன் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த நெஞ்சுக்கு ஏற்றது உட்கார்ந்து பார்க்கும் வேலைதான். மண்வெட்டி பிடித்தால் ஓடுவதைப் போலவே கெடுதல். உட்கார்ந்து பார்க்கும் வேலையை வாங்குவதற்கு அவன் ஓட வேண்டும், ஓடினால் அந்த வேலையில் உட்கார ஆள் இருக்கமாட்டான். இப்படி ஒரு ஏற்பாட்டைப் படித்த பெரிய மனிதர்கள் கூடிச் செய்து வைத்திருந்தார்கள், அதற்குப் பெயர் ஊக்குவிப்பு. நான் முடியாது என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். வழி நெடுக அந்தப் பையன் பிடித்த கை உறுத்திக்கொண்டே வந்தது.

பந்தயம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். வரமாட்டேன் என்று சொன்னவன் போனேன். அவர்களை நம்ப எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. பந்தலில் உட்கார வைத்து மாலையும் போட்டுவிட்டார்கள். மைல் ஓட்டத்துக்குக் கூப்பிட்டபோது, சுண்ணாம்புக் கோட்டில் சங்கரபாண்டி நின்றுகொண்டிருந்தான்.

ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினேன். அவர் தயாராக இருந்தார். ராஜபாளையத்தில் தனியாகத் தொழில் பார்க்கும் ஒரு டாக்டர், பையன் திடகாத்திரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டாராம். எப்படிப் பார்த்தார் என்று கேட்டேன். நாடி பிடித்துப் பார்த்தாராம். நெஞ்சுக்குள் கதவு கெட்டவனுக்கு மணிக்கட்டு!

“ரெண்டு டாக்டரு ரெண்டு விதமாச் சொன்னா, நல்லதாச் சொல்லுதவர எடுத்துக்கிட வேண்டியதுதான சார்” என்று சிரித்தார் ஹெட்மாஸ்டர்.

நான் எழுந்து, மாலையோடு நடந்துபோய்ச் சுண்ணாம்புக் கோட்டில் பையனுக்கு முன்னால் நின்றேன். கூட்டத்தில் விசில் பறந்தது. “ஏலே, டாக்டரய்யாவும் ஓடப் போறாருடோய்!” என்று எவனோ கத்தினான். டிரில் மாஸ்டர் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒதுங்குங்க சார், நேரமாச்சு” என்றார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு, “வழிய விடுங்கய்யா” என்றான்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எனக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம். அந்தக் கூட்டத்துக்கு இதயக் கதவைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் மிச்ச விசிலையும் அடிப்பார்கள். ஹெட்மாஸ்டருக்கு நியாயம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. டிரில் மாஸ்டருக்குப் பரிசுக் கேடயம் ஒன்றுதான் கண்ணில் தெரிகிறது. பையனுக்கு உயிரைவிட வேலை பெரிது. அந்த மைதானத்தில் ‘நிறுத்து’ என்றால் எல்லாரும் நிற்கிற வாய் ஒன்றே ஒன்றுதான். அது பந்தலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தது.

“மொதலாளி!” என்று கூப்பிட்டேன். “பெரிய ஓட்டம் இது. கொடிய நீங்க வந்து ஆட்டுனாத்தான் நல்லாருக்கும்.”

அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? துண்டைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தார். கூட்டம் கைதட்டியது. கொடியை வாங்கினார்.

“ஆட்டுததுக்கு முன்னால, இவன் நெஞ்சுல ஒருக்கா கை வையுங்க” என்றேன்.

“எதுக்கு?”

“நம்ம பிள்ளைய ஆசீர்வாதம் பண்ணித்தான அனுப்பணும்.”

நான் காட்டிய இடத்தில் கையை வைத்தார். பயத்திலும் பரபரப்பிலும் பையனின் நெஞ்சு ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. முதலாளியின் வாயில் வெற்றிலை மெல்லுவது நின்றது.

“என்னய்யா இது? உள்ளுக்குள்ள அதிருது?”

“உங்க மில்லுல பேரிங் தேஞ்ச மெஷின் எப்படி அதிரும்?”

“இப்படித்தான்.”

“அத ஓட்டுவீகளா?”

“வெடிச்சுத் தொலையும்லா! நிப்பாட்டத்தான் சொல்லுவேன்.”

“இவன் பாதி வழியில விழுந்து எந்திரிக்கலன்னா, ஊரு என்னையப் பேசாது. ஹெட்மாஸ்டரையும் பேசாது. கொடிய ஆட்டுனது யாருன்னுதான் பேசும்.”

கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார், ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி. கொடியை டிரில் மாஸ்டரிடம் திணித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாக, “இந்தப் பையனுக்கு உடம்புக்கு ஆகலன்னு எனக்கு முந்தியே தெரியும். நாந்தான் டாக்டர விட்டுப் பாக்கச் சொன்னேன். மத்தவன் ஓடட்டும்!” என்றார். கூட்டம் மறுபடியும் கைதட்டியது. ஹெட்மாஸ்டரும் தட்டினார். டிரில் மாஸ்டரும் தட்டினார். இம்மாதிரி மனிதர்களைத் திருத்தலாம் என்று உங்களில் யாராவது நினைத்தால் தாராளமாக முயற்சி செய்யுங்கள். எனக்கு நேரம் இருக்கவில்லை. இரக்கம் வராத இடத்தில் பயத்தை வைத்து வேலையை முடித்தேன், அதற்காக வெட்கப்படவும் இல்லை.

சங்கரபாண்டி அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். சுண்ணாம்பைக் கை நிறைய அள்ளி என் கால்சட்டைமேல் எறிந்தான். “நீங்க நல்லா இருப்பீகளா?” என்று அழுதான். ஓட்டத்தில் அவனுடைய பள்ளிக்கூடம் தோற்றது. அடுத்த வருஷம் முதல் என்னை எவரும் கூப்பிடவில்லை. சர்பத்துக்கும் தலையாட்டலுக்கும் வேறு டாக்டர் கிடைத்துவிட்டார்.

மில் வேலை என்ன ஆயிற்று என்று முதலாளியிடம் போய்க் கேட்டேன். “ஜெயிச்சவனுக்குன்னுல்லா சொன்னேன்” என்று அகலமாகச் சிரித்தார். பையனின் அப்பாவிடம் போய், மண்வெட்டி கொடுக்காதீர் என்றேன். “உக்கார வச்சுச் சோறு போட நான் என்ன ஜமீனா டாக்டரய்யா?” என்று கேட்டார். கடைசியில், என்னிடம் வைத்தியம் பார்க்க வரும் பஸ் கம்பெனி நடத்தும் பாயிடம் வெட்கத்தைவிட்டுக் கெஞ்சினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் பையனுக்கு டிக்கெட் எழுதும் வேலை போட்டுக் கொடுத்தார். யார் சொல்லிக் கிடைத்தது என்பது பையனுக்கும் தெரியும். தெரிந்தும் தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.

அவன் அன்றைக்கு ஓடியிருந்தால் விழுந்திருப்பானா? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஜெயித்து, மாலை போட்டு, மில்லில் போய் உட்கார்ந்திருந்தாலும் இருந்திருப்பான். தப்பாகத் தகுதி கொடுத்தால் அது பிணமாக வந்து உங்கள் முன்னால் கிடக்கும். சரியாக நிறுத்தினால் எதுவுமே நடக்காது. நடக்காத ஒன்றுக்கு உங்களை யாரும் கும்பிடமாட்டார்கள். நன்றி வேண்டுமென்றால் பல் பிடுங்கப் போங்கள், வலி நின்றவன் அங்கேயே காலில் விழுவான்.

மறுபடி யுத்தம் வந்து, பெட்ரோல் இல்லாமல் கரி பஸ் ஓடிய காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சங்கரபாண்டி. கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைக் கண்டதும் என்ன நினைத்தானோ, ஜன்னலை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டான். அத்தனை வருஷத்து ஆத்திரம். பயணிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“இந்தா நிக்காருல்லா, இவருதான் என் ஓட்டத்தக் கெடுத்த மகராசன்! எவனும் என்னைய முந்த முடியாதுய்யா அன்னைக்கு! வேல வாங்கித் தந்தீக, இல்லங்கல. அது வேற. ஊரு பாக்க என்னையக் கோட்டுல உக்கார வச்சீகளே, அத எங்க போயிச் சொல்ல?”

திட்டிக்கொண்டே வந்தவனுக்கு நடுவில் மூச்சு முட்டிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். விலா ஏறி ஏறி இறங்கியது. நான் கிட்டே போகவில்லை. போனால் அவனுக்குப் பிடிக்காது. அங்கிருந்தே அவன் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றேன், நம் தொழில் புத்தி போகுமா. மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. நிமிர்ந்தான்.

“இன்னும் திட்ட இருக்காலே?” என்றேன்.

“இருக்கு” என்றான்.

“சொல்லு” என்றேன்.